கோப்பில் சேராத இரண்டாம் தாள்

பிரிவு பதினொன்று: "வெளியிலிருந்து வரும் பகுப்பாய்வு அறிக்கையின் ஒவ்வொரு தாளையும், அது வந்து சேர்ந்த அன்றே, மாதிரியைக் கையாண்ட இருவரும் பார்த்து, கையொப்பமிட்டு, திகதியிட வேண்டும். அதன் பின்னரே அது கோப்பில் சேரும்."

இந்த விதியை எழுதியவன் நான். மீறியவனும் நான்.

வந்தவை இரண்டு தாள்கள். ஒன்றைக் கோப்பில் போட்டேன். மற்றதை ஒளித்தேன். ஒளித்த தாளோடு ஒரு பெண்ணின் வேலையும் போயிற்று.

இதைப் படித்துவிட்டு என்னை இரக்கத்தோடு பார்க்க ஆயத்தமாகாதீர்கள். ஓய்வுபெற்ற கிழவன், மனச்சாட்சி உறுத்துகிறது, பாவம்... அப்படி எதுவும் வேண்டாம். எனக்கு உறுத்தல் இல்லை. கோபம் இருக்கிறது. அதில் பெரும்பங்கு என்மேல்தான். மிச்சத்தை எங்கள் நிறுவனத்துக்கும், கொஞ்சத்தை உங்களுக்கும் வைத்திருக்கிறேன்.

உங்களுக்கு ஏன் என்கிறீர்களா? நீங்களும் எங்காவது ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்தானே!

நான் வேலை செய்தது கேகாலைப் பக்கம் பயிர் நோய்களை ஆராயும் ஓர் ஆய்வுகூடத்தில். பெயர் வேண்டாம். பதவி: பொறுப்புத் தொழில்நுட்ப உத்தியோகத்தர். நீண்ட பெயர், அதற்கேற்ற நீண்ட தலைக்கனம். ஆய்வுகூட வேலைமுறைப் புத்தகத்தைப் பிரிவு பிரிவாக எழுதியவன் நான். பேனாவின் மை என்ன நிறம் என்பதற்குக்கூட ஒரு பிரிவு வைத்திருந்தேன்.

அந்த ஆண்டு, சுற்றுவட்டத்துத் தோட்டங்களில் மிளகுக் கொடிகள் மஞ்சளித்தன. இலை சுருண்டது, கதிர் பாதி பொக்காக வந்தது. வைரஸ் என்று எல்லோருக்கும் தெரியும். எந்த வைரஸ் என்று எவருக்கும் தெரியாது. அதன் மேற்சட்டையாக இருக்கும் புரதத்தை அடையாளம் கண்டால், நாற்றுமேடையிலேயே நோயுள்ள கன்றைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை ஒன்றைச் செய்யலாம். அதுதான் எங்கள் வேலை.

முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்; இது தெரியாவிட்டால் என் குற்றம் உங்களுக்குப் புரியாது.

நோயுள்ள இலையை அரைத்து, வடித்து, மிக வேகமாகச் சுழற்றினால் வைரஸ் தனியாகத் திரளும். அதைச் சவர்க்காரம் போன்ற ஒரு மருந்தோடு கொதிக்கவைத்தால் வைரஸ் உடைந்து புரதங்கள் பிரியும். அவற்றை ஜெல் என்னும் மெல்லிய கூழ்த்தகட்டின் மேல் விளிம்பில் விட்டு மின்சாரம் பாய்ச்சினால் சிறிய புரதம் வேகமாகக் கீழே ஓடும், பெரியது பின்தங்கும். சாயம் போட்டால் ஒவ்வொன்றும் ஒரு நீலப் பட்டையாகத் தெரியும். வேண்டிய பட்டையைக் கத்தியால் வெட்டி, நொதியம் ஊற்றிச் சிறு துண்டங்களாகச் செரிக்கவைத்து, வெளிநாட்டு மையத்துக்கு அனுப்புவோம். அங்கே திணிவு நிறமாலைமானி என்ற இயந்திரம் ஒவ்வொரு துண்டத்தின் திணிவையும், எடை என்று வைத்துக்கொள்ளுங்கள், அளந்து, இது இன்னாருடைய புரதம் என்று சொல்லிவிடும்.

அந்த இயந்திரத்துக்குத் தயவுதாட்சணியம் கிடையாது. குழாய்க்குள் உங்கள் தோலின் ஒரு பொடி விழுந்திருந்தால், "மனிதத் தோல்" என்று எழுதும். கம்பளிச் சட்டை போட்டிருந்தால் ஆட்டையும் எழுதும். ரப்பர் கையுறை போட்டிருந்தால்... ரப்பர் மரத்தை எழுதும்!

ஆகவேதான் பிரிவு ஏழு: "ஜெல் பட்டையை வெட்டுபவர் மாவற்ற நீல நைத்திரைல் கையுறை மட்டுமே அணிய வேண்டும். ரப்பர்ப்பாலால் ஆன கையுறை எக்காரணம் கொண்டும் கூடாது."

எக்காரணம் கொண்டும். என் சொற்கள்.

சகாயமேரி எங்களிடம் அமைய ஊழியராக, அதாவது நிரந்தரமில்லாத தற்காலிக வேலையில், இருந்தாள். உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். ருவான்வெல்லைக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்திலிருந்து, தொழிலாளரின் வரிசை வீடுகளிலிருந்து, இரண்டு பஸ் மாறி வருவாள். நான்கு ஆண்டுகள் வந்தாள். நிரந்தர நியமனத்துக்கான பெயர்ப்பட்டியலில் அவள் பெயர் முதலாவதாக இருந்தது. அந்தப் பட்டியல் அமைச்சுக்குப் போக இரண்டு மாதம் இருந்தது. அவள் எதிர்பார்த்திருந்தது அந்த ஒன்றைத்தான். லயத்தை விட்டு வெளியே வர அவளுக்கு இருந்த ஒரே கதவு அது. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? நானும் அதே கதவால் வந்தவன்.

அதை நான் யாருக்கும் சொன்னதில்லை. "சொந்த ஊர் கேகாலை" என்று மட்டும் சொல்வேன். அப்பா என்ன செய்தார் என்று கேட்டால், "தோட்டத்தில் உத்தியோகம்." அவர் பால் வெட்டினார். கத்தியால் ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவி, சிரட்டையில் பால் இறக்கினார். அதற்குப் பெயர் உத்தியோகம் என்றால், ஆம், உத்தியோகம்.

ஒரு நாள் களஞ்சியத்தில், நசீர் நானாவுக்கு முன்னால், சகாயமேரி முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்: "சேர், நீங்க எங்க தோட்டத்து மேப்பிரிவுதானுங்களா? எங்கம்மா நேத்துதான் சொன்னாங்க. உங்கப்பாவும் எங்க தாத்தாவும் ஒரே மலையில பால் வெட்டுனவங்களாமே!"

நசீர் நானா எங்கள் களஞ்சியப் பொறுப்பாளர், ருவான்வெல்லைக்காரர். அவர் நாக்கு சும்மா இருக்காது. "அப்ப சேர் எங்கட ஊர்ப் பக்கம்தானே! இவ்வளவு நாளா கேகாலைக்காரன் எண்டெல்லோ நெனச்சிக்கிட்டிருந்தேன்."

"ஆளை மாற்றிச் சொல்கிறாய்," என்றேன் அவளிடம்.

அவள் சிரிப்பு நின்றது. "மன்னிச்சிக்கங்க சேர்," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான்தான் மறக்கவில்லை. அவளைக் கண்டபோதெல்லாம், யாரோ என் சட்டைக் கழுத்தைப் பிடித்துத் திருப்பி உள்ளே எழுதியிருப்பதை வாசிப்பதுபோல இருந்தது... இது காரணமா? சாட்டா? இத்தனை காலமாகியும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் பட்டை அழகாக விழுந்தது. எதிர்பார்த்த இடத்தில், தடித்த நீலக் கோடு. அதை என் கையால் வெட்ட வேண்டும் என்ற ஆசை வந்தது. கட்டுரையில் என் பெயர் வரப்போகிறதே! கையுறைப் பெட்டியைப் பார்த்தேன். நீலம் தீர்ந்திருந்தது. பக்கத்தில், ஏதோ கண்காட்சியில் இலவசமாகக் கிடைத்த மா பூசிய ரப்பர்க் கையுறைகள்.

களஞ்சியத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நீலப் பொட்டி வந்து ரெண்டு கெழம ஆகுது சேர்," என்றார் நசீர் நானா. "ஒங்கட ஒப்பம் இல்லாம நான் எப்பிடி வெளிய எடுக்கிற? தாள் ஒங்கட மேசையிலதான் தூங்குது. நாளைக்கு ஓடிட்டர் வந்தா ஒங்களையா புடிப்பான்? என்னத்தானே புடிப்பான்!"

உண்மை. தாள் என் மேசையில்தான் கிடந்தது. நான் எல்லாவற்றுக்கும் வாரக் கடைசியில் மொத்தமாகக் கையொப்பமிடுபவன். பெரிய மனிதர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று எங்கோ கற்றுக்கொண்டிருந்தேன். எழுந்துபோய் ஒப்பமிட்டுப் பெட்டியை எடுத்துவர ஐந்து நிமிடம் போதும். ஆனால் அவர் குரலில் இருந்த நையாண்டி என் காதில் ஏறிவிட்டது. ரிசீவரை வைத்தேன். ரப்பர்க் கையுறையை மாட்டினேன்.

சகாயமேரி ஒரு அடி முன்னால் வந்தாள். "சேர், அது ரப்பர் கிளவுஸ்ங்க. புத்தகத்துல கூடாதுன்னு போட்டிருக்குதுங்களே. நான் ஓடிப் போய்..."

"புத்தகம் எழுதினவனுக்கே புத்தகம் வாசித்துக் காட்டுகிறாயா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் வெட்டினேன். கத்தியில் ஒட்டிய துண்டை விரலாலேயே குழாய்க்குள் தள்ளினேன். விரலாலேயே! குறிப்பேட்டில் இரண்டு கையொப்ப வரிகள் உண்டு: வெட்டியவர், உடனிருந்தவர். அவள் தன் வரியில் உடனே ஒப்பமிட்டாள். நான் வழக்கம்போலப் பிறகு போடலாம் என்று விட்டேன்.

திங்கட்கிழமை காலை நீலப் பெட்டி வந்தது. சகாயமேரி நீலக் கையுறை மாட்டி, அதே ஜெல்லின் மறு ஓரத்திலிருந்து, புரதம் எதுவும் ஓடாத இடத்தில், ஒரு வெற்றுத் துண்டை வெட்டினாள். அது பிரிவு எட்டு. அழுக்கு எங்கிருந்து வந்தது என்று பின்னால் கேள்வி எழுந்தால், பதில் சொல்வது அந்த வெற்றுத் துண்டுதான். பிறகு இரண்டு துண்டுகளையும் அவள் ஒருத்தியே கழுவினாள், நொதியம் ஊற்றினாள், உலர்த்தினாள், பொதி செய்தாள். ஒரே கை, ஒரே கையுறை, ஒரே தண்ணீர். இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றுதான்: முதல் துண்டை வெட்டியவன் நான்.

இதை நினைவில் வைத்திருங்கள்.

பொதியைக் கட்டும்போது அவள் கொட்டாவியை அடக்கியதைக் கண்டு, என்ன என்று கேட்டேன். "நேத்து அம்மாவுக்கு மணிக்கட்டு வீங்கிப் போச்சுங்க சேர். அவங்க மரத்தயெல்லாம் நான்தான் வெட்டுனேன்," என்றாள்.

அதையும் நான் நினைவில் வைத்துக்கொண்டேன்.

ஏழு வாரம் கழித்து அறிக்கை மின்னஞ்சலில் வந்தது. என் பெயருக்கு மட்டும். இரண்டு தாள். அச்சடித்தேன்.

முதல் தாள், நான் வெட்டிய துண்டு: மனிதத் தோல் புரதம். அதற்குக் கீழே ரப்பர் மரத்தின் புரதங்கள், வரிசையாக, ஒன்று விடாமல். வைரஸின் புரதம் அவற்றுக்கு அடியில் எங்கோ அமுங்கிப்போயிருந்தது. அடையாளம் சொல்லப் போதாது.

இரண்டாம் தாள், அவள் வெட்டிய வெற்றுத் துண்டு: மனிதத் தோல் புரதம் சிறிது. ரப்பர்... இல்லை. ஒரு துளியும் இல்லை!

ஒரு நிமிடம் போதுமாயிருந்தது எனக்கு. முந்தின நாள் முழுக்க ரப்பர் வெட்டிய கை சுத்தமாக இருந்தது. வாழ்நாளெல்லாம் ரப்பரிலிருந்து ஓடிய கை அழுக்காக இருந்தது.

பணிப்பாளர் அறிக்கைக்காகக் காத்திருந்தார். நான் முதல் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன்.

ஏன்? நான் என்ன, வேலையை இழந்துவிடுவேனா? ஓய்வுக்கு இரண்டு ஆண்டு இருந்த நிரந்தர உத்தியோகத்தன் நான். உண்மையைச் சொல்லியிருந்தால் ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கும். அதை எழுதித் தட்டச்சுக்குக் கொடுப்பதும் நானாகவே இருந்திருப்பேன். அவ்வளவுதான்! ஒரு கடிதத்துக்குப் பயந்து... இல்லை, அதுவும் பொய். கடிதத்துக்கு நான் பயப்படவில்லை. "பிரிவு ஏழை எழுதியவரே மீறினாராம்" என்று நசீர் நானா சிரிப்பாரே, அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன்.

பணிப்பாளர் தாளைப் பார்த்தார். சிங்களத்தில் கேட்டார்: "ரப்பரா? இங்கே ரப்பர் எங்கிருந்து வந்தது?"

"அந்தப் பிள்ளை தோட்டத்திலிருந்து வருகிறது," என்றேன். "விடுமுறை நாளில் பால் வெட்டுகிறதாம். மாதிரியைப் பொதிசெய்ததற்கு முந்தின நாளும் வெட்டியிருக்கிறது."

எல்லாம் உண்மை. ஒவ்வொரு சொல்லும் உண்மை! இப்படிப்பட்ட உண்மையைச் சொல்லக் கற்றுத் தேற எனக்கு முப்பது ஆண்டு அரசாங்கச் சேவை தேவைப்பட்டது.

விசாரணை இருபது நிமிடம் நடந்தது. பணிப்பாளர், நிர்வாக உத்தியோகத்தர், நான். குறிப்பேட்டை விரித்தார்கள். அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கையொப்பம், சகாயமேரியினுடையது. "வெட்டியவர்" வரி காலி. காலியாக இருப்பதை யார்மேலும் ஏற்றலாம். ஏற்றினார்கள்.

அவள் கேள்விகளுக்கெல்லாம் சிங்களத்தில் பதில் சொன்னாள். என்னைவிடச் சுத்தமான சிங்களம். வெட்டியவன் நான் என்பதை அவள் சொல்லவில்லை. நானே சொல்வேன் என்று காத்திருந்தாள் போலும். கடைசியில் என் பக்கம் திரும்பினாள். அப்போது மட்டும் தமிழில் பேசினாள்.

"சேர், வெத்துத் துண்டும் அனுப்புனோமுங்களே. அதோட ரிசல்ட் வரலைங்களா?"

ஏன் தமிழில் கேட்டாள் என்று அந்த அறையில் எனக்கு மட்டுமே தெரியும். மற்ற இருவருக்கும் தமிழ் தெரியாது. எனக்கு ஒரு வழி விட்டாள். அவர்கள் அறியாமல் யோசித்து, நானாகவே திருந்திச் சொல்ல, ஒரு மூச்சு நேரம் தந்தாள். இருபத்தாறு வயதுப் பெண், தன் வேலை போய்க்கொண்டிருக்கும்போது, என் மானத்தைக் காப்பாற்றப் பார்த்தாள்!

நான் சிங்களத்தில் பதில் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

"வரவில்லை."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். "சரிங்க சேர்," என்றாள்.

பெயர்ப்பட்டியலிலிருந்து அவள் பெயர் எடுக்கப்பட்டது. அமைய ஊழியர் என்பதால் காரணம்கூட எழுத்தில் கொடுக்கத் தேவையில்லை. மாத முடிவில் நீடிக்காமல் விட்டால் போதும். அந்த விதியையும் எடுத்துக் காட்டியவன் நான்தான். கேட்டார்கள், சொன்னேன். எனக்குத்தான் எல்லா விதியும் தெரியுமே!

நீலக் கையுறையோடு மறுபடியும் செய்தோம். வைரஸின் புரதம் பளிச்சென்று வந்தது. கட்டுரை வெளிவந்தது. என் பெயர் மூன்றாவது. பிரியாவிடைக் கூட்டத்தில் பணிப்பாளர் என்னை "ஒழுங்கின் மறுபெயர்" என்றார். கைதட்டினார்கள். நான் கையைக் கூப்பினேன். எந்தக் கை தெரியுமா? துண்டைக் குழாய்க்குள் தள்ளிய அதே கை.

இரண்டாம் தாள் என் வீட்டு அலுமாரியில் இருந்தது, ஓய்வூதியப் பத்திரங்களுக்கு அடியில். ஏன் கிழிக்கவில்லை என்று கேட்பீர்கள். ஆவணத்தை அழிப்பது குற்றம் ஐயா! ஒளிப்பதற்கு மனம் வந்த எனக்கு, அழிப்பதற்குப் பழக்கம் இடங்கொடுக்கவில்லை. சிரியுங்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

போன ஆண்டு நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். முழுவதும் ஒப்புக்கொண்டு, தாளின் பிரதியை இணைத்து, விசாரணையைத் திறக்கச் சொன்னேன். கடிதம் கிடைத்தது என்ற துண்டுகூட வரவில்லை. மூன்று நினைவூட்டல்கள் அனுப்பினேன். இப்போதும் என்னைப்போல ஒருவன் அங்கே இருக்கிறான். என் கடிதங்களை வாரக் கடைசிக்கு என்று ஒதுக்கிவைத்திருக்கிறான். எனக்கு வருகிற கோபத்துக்கு அவன் மேசையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடலாம். ஆனால் அது என் மேசை.

பிறகு அவளிடமே போகலாம் என்று பஸ் ஏறினேன். ருவான்வெல்லைக் கடைவீதி வரை போனேன். அங்கே ஓய்வுபெற்ற நசீர் நானா பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். பிளேன்டித் தேநீர் தந்தார். சகாயமேரியைப் பற்றிக் கேட்டேன்.

"அந்தப் புள்ளயா? மேப்பிரிவில பால் வெட்டுது. தாய் மவுத்தாகிப் போய்ச் சேந்துட்டா. சனிக்கிழமைல சாமான் வாங்க வரும்." என்னைக் கூர்ந்து பார்த்தார். "என்ன சேர், இப்பத்தான் ஒங்களுக்கு ஊர் ஞாபகம் வந்த?"

பையிலிருந்த இரண்டாம் தாளை எடுத்துக் காட்டினேன். இங்கிலீஷில் இருந்தாலும் அவருக்கு விளங்கியது. எங்கள் களஞ்சியத்தில் முப்பது வருடம் இருந்தவர். "உங்கள் சிரிப்புக்குப் பயந்துதான் ஒளித்தேன்," என்றேன். நிதானமாக மடித்துத் திருப்பித் தந்தார்.

"அண்டைக்கு நான் வேணுமெண்டா சிரிச்சிருப்பேன் சேர். ஒரு நாள் சிரிச்சிருப்பேன். அதுக்குப் பொறகு மறந்திருப்பேன்."

மேலே லயத்துக்குப் போக ஒரு மைல். நான் திரும்பி வருகிற பஸ்ஸில் ஏறினேன். ஆம், ஏறினேன்! கோழை என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்வதற்கு முன்னமே எனக்கு நானே சொல்லிக்கொண்டாயிற்று.

வீட்டுக்கு வந்து தபாலில் அனுப்பினேன். பிரதி அல்ல, அந்த இரண்டாம் தாளையே. கூடவே நான்கு பக்கக் கடிதம். விலாசத்தில் அவள் பெயர், மேற்பிரிவு, லய எண். லயத்துக்கு வரும் கடிதம் முதலில் தோட்டத்து ஒபீசுக்குப் போகும். அங்கே யாராவது கூப்பிட்டுக் கொடுக்கும்வரை மேசையில் கிடக்கும். சிறுவயதில் அந்த மேசையருகே நான் நின்றிருக்கிறேன். ஆகவே எத்தனை நாளாகும் என்று எனக்குத் தெரியும். அத்தனை நாளும் கடந்தது. அதன் பின்னும் கடந்தது. தபால்காரன் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து நிற்பேன்...

அவள் என்ன எழுதுவாள் என்று எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தேன், மனத்துக்குள். சாபம் எழுதினாள். மன்னிப்பு எழுதினாள். மன்னிப்புதான் அதிகம் எழுதினாள். எழுதவைத்தது நான் அல்லவா!

வந்த உறையில் கடிதம் இல்லை. இரண்டாம் தாள் மட்டும் இருந்தது, நான் மடித்த அதே மடிப்பில்.

தாளின் அடியில், எங்கள் வழக்கப்படி நான் அன்று அச்சிட்டிருந்த இரண்டு கையொப்ப வரிகள். இரண்டாம் வரியில் கறுப்பு மையில், பிரிவு இரண்டில் சொன்ன மையில், "பார்த்தேன்" என்று எழுதி, சகாயமேரி கையொப்பமிட்டிருந்தாள். பக்கத்தில் திகதி. தான் பார்த்த நாளின் திகதி. பத்தாண்டுக்கு மேல் பிந்திய, உண்மையான திகதி.

முதல் வரி காலியாக இருந்தது. அது என்னுடையது.

பேனாவை எடுத்தேன். என்ன திகதி போடுவது? அறிக்கை வந்த நாளைப் போட்டால் அது முன்திகதியிடுதல். பிரிவு மூன்றின்படி மோசடி. இன்றைய திகதியைப் போட்டால் இன்றுதான் பார்த்தேன் என்றாகும், அது பொய். எனக்குத் தெரிந்த எந்த விதியிலும் எனக்கு இடமில்லை. அவளுக்கு அது தெரியும். புத்தகத்தை என்னைவிட நன்றாக வாசித்தவள் அவள்.

தாள் மேசைமேல் கிடக்கிறது. முதல் வரி இன்னும் காலி. இப்போதைக்கு என்னால் எழுத முடிந்த திகதி, அந்த உறையின் வெளியில் நான் குறித்துவைத்த ஒன்றுதான்.

கிடைத்தது: மார்ச் பதினான்கு, வெள்ளிக்கிழமை.